பள்ளத்தாக்குக்கு வந்த இளவரசி

மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுஞ்சுவர் ஒரு புறமும், வருசநாட்டு மலை மறுபுறமுமாக அணைத்துக் கிடக்க, லோயர் கேம்ப் தொடங்கிக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு முல்லையாறு தேனியை நோக்கி இறங்கிவருகிற நிலத்தையே கம்பம் பள்ளத்தாக்கு என்கிறோம். 1895ஆம் ஆண்டில் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாற்று அணையின் நீரால் இருபோகம் விளையும் வயல்களும், திராட்சைப் பந்தல்களும், மலைமேல் ஏலத்தோட்டங்களுமாகச் செழித்த இந்தப் பிரதேசத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் நீரையும் நிலத்தையும் சந்தையையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். இந்த ஜனங்கள் எதைப் படித்தார்கள், குறிப்பாகப் படிப்பு முடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் எதைப் படித்தார்கள் என்பதும் சரித்திரத்தின் ஒரு பகுதிதான் என்பது என் அபிப்பிராயம். வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூரையும் தாண்டி, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் பேர்போன சிவகாசியிலிருந்து 1984ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் புறப்பட்டு வந்த ஒரு சின்னப் புத்தகத்தையும், அதில் கதாநாயகியாக நின்ற ஒரு பெண்ணையும், அவளைச் சிருஷ்டித்த ஆங்கிலேய எழுத்தாளர் ஒருவரின் இரட்டை வாழ்க்கையையும் பற்றியது இந்த வியாசம்.

ஆனால் அந்தப் புத்தகத்துக்கு வருமுன் குற்றம் என்ற பொருளைப் பற்றி இந்தப் பள்ளத்தாக்குக்கு ஏற்கெனவே என்ன தெரிந்திருந்தது என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு இங்கே கிடைத்த வரவேற்பு வெறும் பொழுதுபோக்கு மோகமாகத் தோன்றிவிடும்.

1908ஆம் ஆண்டில் ஜே. ஆர். ரங்கராஜு எழுதிய 'இராஜாம்பாள்' வெளிவந்தது. துப்பறியும் கோவிந்தன் என்ற பாத்திரத்தைத் தமிழ் வாசகர்கள் தம் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார்கள். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அதே பாதையில் நடந்து, மேனாட்டுக் கதைகளைத் தழுவியும் தாமே புனைந்தும் நூற்றுக்கணக்கான பக்கங்களுள்ள நாவல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தந்துகொண்டிருந்தார்கள். கால்தடத்தையும் கைரேகையையும் கிழிந்த கடிதத் துண்டையும் வைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியத்தை நகரத்து வாசகர்கள் வியந்து கொண்டாடிய அதே வருஷங்களில்தான், 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரை ஜில்லாவில் படிப்படியாக அமலுக்கு வந்து, உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து இந்தப் பள்ளத்தாக்கு வரை வாழ்ந்த பிரமலைக் கள்ளர் சமூகத்தைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். வயது வந்த ஆண்கள் கைரேகை வைத்துப் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இரவானால் அதிகாரிகள் குறித்த இடத்துக்குப் போய் முகம் காட்டி அங்கேயே படுத்துறங்க வேண்டும். வெளியூர் போவதானால் ராத்திரிச் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். ரேகை வைக்க மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் ஜனங்களின் மேல் 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்து பலரை மாய்த்தார்கள். 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தாகும்வரை இந்த அவமானம் நீடித்தது.

கைரேகையைக் கொண்டு மனிதனை அடையாளம் காணும் சாஸ்திரத்துக்காக உலகிலேயே முதன்முதலாக ஒரு தனிக் காரியாலயம் 1897ஆம் ஆண்டு கல்கத்தாவில்தான் ஏற்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் அஜிஸுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரண்டு வங்காளிகள் பெரும்பங்கு வகித்திருக்கிறார்கள். துப்பறியும் நாவலில் அந்த சாஸ்திரம் நிரபராதியைக் காப்பாற்றுகிறது. நமது சீமையில் அதுவே, குற்றமே செய்யாத ஒருவனைக் குற்றவாளி என்று எழுதிவைப்பதற்குக் கருவியாக இருந்தது. சென்னையிலோ கும்பகோணத்திலோ அமர்ந்து ரங்கராஜுவைப் படித்தவருக்கு இந்த இரண்டாவது முகம் தெரிந்திருக்க நியாயமில்லை. இங்கே அது தெரியாத குடும்பம் குறைவு.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பிரதேசத்தில் காவலும் களவும் எதிரெதிராக நின்ற இரண்டு ஜாதிச் சரக்கு அல்ல. ஊர்க்காவலைக் குலத்தொழிலாகக் கொண்டு காவல்கூலி பெற்றவர்களும், காணாமற்போன மாடு எங்கே கட்டிக்கிடக்கிறது என்று விசாரித்துச் சொல்லி மீட்டுத்தந்து அதற்குத் துப்புக்கூலி வாங்கியவர்களும், சர்க்கார் பின்னால் குற்றவாளிகள் என்று பட்டியலிட்ட அதே ஜனங்கள்தான். அநியாயமாகக் கொல்லப்பட்டவனை ஊர் எல்லையில் தெய்வமாக நிறுத்திக் கும்பிட்டு, அவனையே காவலுக்கும் வைக்கிற மனோபாவம் தென்பாண்டிச் சீமை முழுவதற்கும் பொது. ஆகவே, நேற்றுக் குற்றவாளியாக இருந்தவன் இன்று நீதியின் பக்கம் நின்று போராடுகிறான் என்று ஒரு கதை சொன்னால், அதை நம்புவதற்கு இந்த ஜனங்களுக்கு எந்த ஆங்கில நாவலின் சிபாரிசும் தேவைப்படவில்லை.

1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை ரயில்பாதை வந்தது. தேனியின் வாரச்சந்தையும் போடியின் ஏலக்காய் வியாபாரமும் பெருகின. பஞ்சு ஆலைக்கும் தோட்டத்துக்கும் கல்லூரிக்கும் போகிற ஒரு புதிய தலைமுறை எழுந்தது. சந்தைக்கு வந்தவர்கள் திரும்பும்போது கையில் ஒரு பத்திரிகையும் கொண்டுபோனார்கள். பஸ் ஸ்டாண்டுப் புத்தகக் கடை, மூலைப் பெட்டிக்கடை, ஒரு நாளைக்கு இத்தனை பைசா என்று புத்தகம் தரும் வாடகை நூல் நிலையம் ஆகிய மூன்று வாசல்கள் வழியாகத்தான் குற்றக் கதை பள்ளத்தாக்குக்குள் வந்தது. கௌரவமான வாசகர்களும் கல்வியதிகாரிகளும் பொருட்படுத்தாத அந்த மூன்று இடங்களுக்கும் தமிழ்நாட்டின் எழுத்தறிவு பட்டிருக்கிற கடன் பெரிது. அதை யாரும் இன்னும் முறையாகக் கணக்கிடவில்லை என்பது எனக்கு வருத்தமே.

அந்த வாசல்களில் முதலில் நெடுங்காலம் ஆட்சி செய்தவர் தமிழ்வாணன். தேவகோட்டையில் பிறந்து, இராமநாதன் என்ற பெயரை விட்டுத் தமிழ்வாணனாகி, 'கல்கண்டு' பத்திரிகையின் ஆசிரியராக அமர்ந்து, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தம்மையே ஒரு சித்திரமாக்கிக்கொண்ட அவர், சங்கர்லால் என்ற துப்பறியும் நிபுணரைத் தமிழுலகுக்குத் தந்தார். சங்கர்லாலுக்குக் கோபம் வராது. தேநீர் இல்லாமல் பொழுது விடியாது. தேயிலைத் தோட்டங்களை மேகமலையில் தலைக்கு மேலேயே வைத்திருந்த நமது வாசகர்களுக்கு அந்தத் தேநீர் மிகவும் நெருக்கமான விஷயமாகப் பட்டிருக்க வேண்டும். இன்னொரு புறம், 'ஆனந்த விகடன்' தேவன் சிருஷ்டித்த துப்பறியும் சாம்பு இருந்தான். வேலையிழந்த பாங்கிக் குமாஸ்தாவான அந்தச் சாம்பு, அசட்டுத்தனத்தாலேயே மர்மங்களை விடுவித்துப் புகழ் பெற்றான். 1957ஆம் ஆண்டில் காலமான தேவனின் அந்தக் கதைகளைப் பிற்காலத்தில் கோபுலு சித்திரத் தொடராகவும் வரைந்தளித்தார். ஒரு தமிழ்க் குற்றக் கதாசிரியரின் பாத்திரம் வசனத்திலிருந்து சித்திரக் கட்டத்துக்குக் குடிபெயர்ந்து அங்கேயும் சுகமாக வாழ்ந்ததற்கு நம்மிடம் உள்ள உன்னதமான உதாரணம் அது. கோபுலுவின் கோடுகளுக்குள் சாம்புவின் மூக்கு நுழைந்த பிறகு, எழுத்தில் மட்டும் அவனைப் படித்தவர்களுக்குக்கூட வேறொரு மூக்கைக் கற்பனை செய்ய முடியாமற்போயிற்று.

1972ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிவகாசியில் எம். சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், 'இரும்புக்கை மாயாவி'யை முதல் வெளியீடாகக் கொணர்ந்தது. உள்ளங்கைக்கு அடங்கும் புத்தகம். கறுப்பு வெள்ளைச் சித்திரங்கள். பேசுபவரின் வாயிலிருந்து எழும் பலூனுக்குள் கையால் எழுதிய தமிழ். லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள நிறுவனங்களிடம் உரிமை பெற்று, ஆங்கில எழுத்தை நீக்கி, தமிழ் எழுத்தை அதே இடத்தில் பொருத்தி, பத்திரிகையில் தினம் இரண்டு மூன்று கட்டங்களாக வந்த தொடரை வெட்டி அடுக்கிப் புத்தகப் பக்கமாக்குகிற வேலையைச் சிவகாசி அச்சுக்கூடத்துக் கைகள் எத்தனை நேர்த்தியாகச் செய்தன என்பதை, அந்தப் பழைய பிரதிகளை இன்று எடுத்துப் புரட்டினாலும் காணலாம். ஆங்கில வாக்கியத்தைக் காட்டிலும் தமிழ் வாக்கியம் இடம் அதிகம் கேட்கும், பலூனோ வளராது. அந்த நெருக்கடியில் பிறந்த சுருக்கமான தமிழ், பல பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்துக்கு வெளியே கிடைத்த முதல் உரைநடையாக இருந்தது.

யார் இந்தக் கதைகளை எழுதினார்கள் என்று நாம் கேட்டதேயில்லை. மாயாவியைத் தெரியும், ரகசிய ஏஜெண்ட் காரிகனைத் தெரியும், மூக்குக் கண்ணாடி அணிந்த ரிப் கிர்பியைத் தெரியும். அவர்களுக்குப் பின்னால் ஒரு பேனா இருந்தது என்பது மட்டும் தெரியாது. ஆராய்ந்து பார்த்தால், அந்தப் பேனாக்களுக்கு உரியவர்களில் பலர் நாவலாசிரியர்கள். 1962இல் லண்டனில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில் இரும்புக் கை கதையைத் தொடங்கி எழுதிய கென்னத் பல்மர், பல புனைபெயர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய விஞ்ஞானக் கதாசிரியர். அவருடைய கதாநாயகன் லூயிஸ் கிராண்டெல் பரிசோதனைச் சாலை உதவியாளன். ஒரு கையை இழந்தவன். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கை தவிர்த்த தேகம் முழுதும் மறைந்துவிடும். இந்தச் சக்தி கிடைத்ததும் அவன் முதலில் இறங்கியது குற்றத்தில்தான். மனம் திரும்பி நல்வழிக்கு வந்து சட்டத்தின் பக்கம் சேர்ந்தது பிற்பாடு.

காரிகனின் பூர்வீகம் இன்னும் கௌரவமானது. 'மால்டீஸ் ஃபால்கன்' முதலிய நாவல்களால் அமெரிக்கக் குற்ற இலக்கியத்தின் முகத்தையே மாற்றிய டாஷியல் ஹாமெட், பிங்கர்ட்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தில் தாமே உளவாளியாக உழைத்து, திருடனையும் முதலாளியையும் போலீஸையும் நேரில் பார்த்த பிறகு எழுத வந்தவர். டிக் டிரேசி என்ற சித்திரத் தொடரின் வெற்றியைக் கண்டு அதற்கு ஈடாக ஒன்று வேண்டும் என்று கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனம் அவரை அணுகவே, ஓவியர் அலெக்ஸ் ரேமண்டுடன் சேர்ந்து 1934ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் தேதி 'ஏஜெண்ட் எக்ஸ்-9' என்ற தொடரை ஆரம்பித்தார். நாயகனுக்குப் பெயர் கிடையாது. அதே மாதத்தில் அவருடைய கடைசி நாவலான 'தின் மேன்' புத்தகமாக வந்தது. அதற்குப் பிறகு அவர் நாவலே எழுதவில்லை. சித்திரத் தொடரையும் அடுத்த வருஷமே விட்டார். அவருக்குப் பின் சில காலம் அதை எழுதிய லெஸ்லி சார்ட்டரிஸ், சிங்கப்பூரில் பிறந்தவர். திருடர்களிடமே திருடும் 'செயிண்ட்' சைமன் டெம்ப்ளரைப் படைத்தவர். பல கைகள் மாறி, காரிகன் என்ற பெயரும் பெற்று, 1967 முதல் ஆர்ச்சி குட்வினும் அல் வில்லியம்ஸனும் புதுப்பித்த வடிவத்தில் அந்தப் பெயரற்ற மனிதன் சிவகாசிக்கு வந்து சேர்ந்தான். ஹாமெட்டின் பெயரைக் கேள்விப்படாமலே ஹாமெட் நட்ட மரத்தின் நிழலில் நாம் உட்கார்ந்திருந்தோம்.

1984ஆம் ஆண்டு ஜூலை மாதம் தமிழ்ச் சித்திரக் கதைக்கு ஒரு முக்கியமான மாதம். தினத்தந்தி குடும்பத்தைச் சேர்ந்த 'ராணி காமிக்ஸ்' ஜேம்ஸ்பாண்டை முன்னிறுத்திப் புறப்பட்டது. சிவகாசியில் சௌந்திரபாண்டியனின் புதல்வர் விஜயன் மிகவும் இளம்பிராயத்தில் ஆசிரியப் பொறுப்பேற்று 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார். அதன் முதல் வெளியீடு 'கத்திமுனையில் மாடஸ்டி'. மாடஸ்டி பிளைசியை எழுதிய பீட்டர் ஓ'டானல்தான் 1960இல் இயான் ஃப்ளெமிங்கின் 'டாக்டர் நோ' நாவலை லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகைக்காகச் சித்திரத் தொடராக்கித் தந்தவரும். ஒரே மாதத்தில் தமிழில் பிறந்த இரண்டு பத்திரிகைகளின் முதல் நாயகனும் முதல் நாயகியும் ஒரே எழுத்தாளரின் மேஜையைத் தொட்டு வந்தவர்கள்.

ஓ'டானல் 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் தேதி லண்டனில் பிறந்தார். பதினாறாவது வயதிலேயே எழுத்தைப் பிழைப்பாகக் கொண்டார். யுத்த காலத்தில் ராணுவத் தந்திப் படையில் சேர்ந்து 1942இல் வடபாரசீகத்தில் முகாமிட்டிருந்தபோது, யுத்தத்தால் துரத்தப்பட்ட அகதிகளின் நடுவே தன்னந்தனியே நடந்துவந்த ஒரு சிறுமியை அவர் கண்டார். பன்னிரண்டு வயதுக்கு மேல் இராது. கையில் தற்காப்புக்கு ஒரு ஆயுதம். நெருங்கிப் பேச யாரையும் விடவில்லை. படையினர் வைத்த உணவை எச்சரிக்கையுடன் எடுத்து உண்டு, தேவையானதைக் கட்டிக்கொண்டு, ஒரு புன்னகையை மட்டும் பதிலாகத் தந்துவிட்டுத் தென்திசையில் நடந்து போனாள். அவள் பெயரை அவர் அறியவில்லை. பின்னர் அவள் என்ன ஆனாள் என்பதையும் அறியவில்லை. இருபது வருஷம் கழித்து ஒரு வீராங்கனையைக் கற்பனை செய்ய நேர்ந்தபோது, இத்தகைய பெண்ணுக்கு இளமை எங்கே கழிந்திருக்கும் என்ற கேள்விக்கு அந்தச் சிறுமியே விடையாக வந்து நின்றாள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

யுத்தத்துக்குப் பின் அவர் பத்திரிகைச் சித்திரத் தொடர்களில் பல ஆண்டுகள் உழைத்துத் தொழிலைக் கற்றார். 'கார்த்' என்ற பலசாலியின் கதையை 1953 முதல் எழுதினார். 'ரோமியோ பிரௌன்' என்ற நகைச்சுவைத் துப்பறிவாளனின் கதையை ஓவியர் ஜிம் ஹோல்டவேயுடன் சேர்ந்து எழுதினார். பிறகு 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகையே புதிய தொடர் ஒன்று வேண்டும் என்று கேட்கவே மாடஸ்டியைச் சிருஷ்டித்தார். அனாதையாக அலைந்து வளர்ந்து, இருபது வயதுக்குள் 'நெட்வொர்க்' என்ற சர்வதேசக் குற்றக் கூட்டத்தின் தலைவியாகி, செல்வம் சேர்த்து, அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட்டு ஓய்வு பெற்று, பின்னர் அலுப்புத் தாளாமல் பிரிட்டிஷ் உளவுத்துறையின் சர் ஜெரால்ட் டாரண்டுக்கு உதவ வருகிறவள் அவள். கத்தி வீசுவதில் நிகரற்ற வில்லி கார்வின் அவளுடைய தோழன். காதலன் அல்லன், வேலைக்காரனும் அல்லன். அவளை அவன் இளவரசி என்றே அழைப்பான். தமிழ் வாசகர்களும் அப்பெயரையே அவளுக்கு நிலையாக வைத்துவிட்டார்கள். தயாரித்துக் கொடுத்த தொடரைப் பார்த்த 'டெய்லி எக்ஸ்பிரஸ்', குற்றப் பின்னணியுள்ள ஒருத்தியைக் குடும்பப் பத்திரிகையின் நாயகியாக்க முடியாது என்று திருப்பிவிட்டது. 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' அவளை ஏற்றுக்கொண்டு 1963ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி முதல் வெளியிட்டது.

லண்டன் பத்திரிகை ஒன்றால் விலக்கப்பட்ட அந்தக் காரணமே, கம்பம் பள்ளத்தாக்கில் அவள் ஊன்றி நிற்பதற்கு ஏதுவாயிற்று என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு மனிதனின் பூர்வ சரித்திரத்தை எழுதிவைத்துவிட்டு அவனுடைய எதிர்காலத்தையும் அதிலேயே பூட்டி முத்திரையிட்டது ரேகைச் சட்டம். அதன் கொடுமையைப் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் பெஞ்சுகளிலும் மற்றப் பள்ளிகளின் பெஞ்சுகளிலும் அமர்ந்து, நோட்டுப் புத்தகத்துக்குள் செருகி ஒரு கதை படித்தார்கள். அந்தக் கதையில் சர்க்காரின் உளவுத் தலைவனே, ஒரு காலத்துக் குற்றத் தலைவியின் வீட்டு வாசலுக்கு வந்து தொப்பியைக் கழற்றி உதவி கேட்டான். பிள்ளைகள் இதையெல்லாம் தத்துவமாக எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்; கத்தி பறப்பதையும் சுவர் ஏறுவதையும்தான் பார்த்திருப்பார்கள். ஆனாலும் தமிழ்த் துப்பறியும் நாவல்களின் நாயகர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புலப்படும். கோவிந்தன் முதல் சங்கர்லால் வரை, 1968இல் 'நைலான் கயிறு' மூலம் சுஜாதா அறிமுகப்படுத்திய வக்கீல் கணேஷ் வரை, ராஜேஷ்குமாரின் விவேக் வரை, நம்மவர்கள் யாவரும் தொடக்கத்திலிருந்தே சட்டத்தின் கரையில் நிற்கிறவர்கள். மாயாவியும் மாடஸ்டியுமோ அக்கரையிலிருந்து நீந்தி வந்தவர்கள்.

ஓ'டானலின் கைவண்ணத்தில் விசேஷமானது, ஒரே பாத்திரத்தை இரண்டு ஊடகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சமமான சிரத்தையுடன் நடத்திச்சென்றதுதான். சினிமாக்காரர்கள் கேட்டு அவர் எழுதித்தந்த திரைக்கதை பிறர் கைகளில் சிதைந்தது. 1966இல் ஜோசப் லோஸி எடுத்த படத்தில் அவருடைய வசனம் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் அதே கதையை அவர் நாவலாகவும் எழுதி 1965இல் வெளியிட்டுவிட்டார். படம் மறைந்தது, நாவல் நிலைத்தது. அதையும் சேர்த்து மொத்தம் பதினொரு நாவல்களும் இரண்டு சிறுகதைத் தொகுதிகளும் வந்தன. தினசரித் தொடரில் மூன்று கட்டத்துக்குள் ஒரு திருப்பமும் நாளைக்கு ஒரு ஆவலும் வைத்தாக வேண்டும். மனத்துக்குள் நடப்பதைச் சொல்ல இடமில்லை. முகத்தை ஓவியன் பார்த்துக்கொள்வான். நாவலிலோ ஒரு சண்டைக்கு முன் மாடஸ்டி மூச்சை எவ்விதம் அடக்கி மனத்தை ஒருமுகப்படுத்துகிறாள் என்பதற்கே ஒரு பக்கம் ஒதுக்கலாம். வில்லியின் பால்யத் துயரத்தைச் சொல்லலாம். இரண்டையும் அறிந்த எழுத்தாளர் ஆனபடியால் நாவலில் அவர் காட்சியை எழுதும்போது கண்ணெதிரே கட்டம் விழுகிறது. தொடரில் இரண்டே வரிப் பேச்சுக்குப் பின்னால் ஒரு நாவலின் கனம் நிற்கிறது. இதற்கிடையில் மடலீன் பிரெண்ட் என்ற பெண்பெயரில் சரித்திரக் காதல் நாவல்களும் எழுதி, அவர் யார் என்பதை வெகுகாலம் வெளியிடாமலே பரிசும் பெற்றார்.

ஹோல்டவே 1970இல் அகாலமாக இறந்தார். அவருக்குப் பின் ஸ்பெயின் தேசத்து ரொமேரோ வரைந்தார். இடையே வேறு சிலரும் வரைந்தார்கள். ஓவியர்கள் மாறினாலும் கதை எழுதியவர் முதல் நாள் தொட்டுக் கடைசி நாள் வரை ஒருவரே. நமது வாசகர்கள் ஹோல்டவேயின் மாடஸ்டியா ரொமேரோவின் மாடஸ்டியா என்று இன்றும் வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். பெயர் தெரியாமலே அவர்கள் கோட்டைக் கொண்டு ஓவியனை இனங்கண்டவர்கள் என்பதால் அந்த வாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

தமிழில் இப்படி ஒருவர் ஏன் ஓங்கி வளரவில்லை? திறமைக்குக் குறைவில்லை. 1980களில் கோயம்புத்தூரிலிருந்து ராஜேஷ்குமாரும், பரத்-சுசீலா ஜோடியைப் படைத்த பட்டுக்கோட்டை பிரபாகரும், நரேன்-வைஜயந்தியைப் படைத்த சுபா என்ற இரட்டையர்களும் மாதாமாதம் நாவல் தந்து, தேனி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரிய வாசகப் படையைக் காத்திருக்கச் செய்தார்கள். அவர்களுடைய உரையாடலின் வேகத்தையும் அத்தியாய முடிவில் வைக்கிற கொக்கியையும் கவனித்தால், சித்திரத் தொடருக்கென்றே பிறந்த கைகள் என்று தோன்றும். ஜெயராஜ் போன்ற ஓவியர்களின் படங்களோடு வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகள் பாதி சித்திரக் கதையாகவே இருந்தன. ஆயினும் நாவல் தொழில் சென்னையிலும் சித்திரக் கதைத் தொழில் பெரும்பாலும் சிவகாசியிலுமாகப் பிரிந்து நின்றன. எழுதுகிறவருக்கும் வரைகிறவருக்கும் மாதக்கணக்கில் ஊதியம் தந்து, நூறு பக்கச் சித்திரத்தை முதலிலிருந்து உருவாக்குவதைக் காட்டிலும், லண்டனில் வரைந்து முடித்த உயர்ந்த சித்திரத்தை உரிமைத்தொகை கொடுத்து வாங்குவது சின்ன விலைப் பத்திரிகைக்குக் கட்டுப்படியாயிற்று. பதிப்பாளர்களை இதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நஷ்டம் நஷ்டம்தான். ஏலத்தோட்டத்துக்கு விடியற்காலையில் ஜீப்பில் மலையேறும் பெண்களும், குமுளிச் சோதனைச் சாவடியும், சுருளியின் காடும், சந்தை இரவும் ஒரு குற்றக் கதையின் சித்திரக் கட்டங்களாக வந்திருக்க வேண்டியவை, வராமற்போயின. அப்படி ஒரு கதையை எழுதத் தெரிந்தவரும் இருந்தார், வரையத் தெரிந்தவரும் இருந்தார். இருவரையும் ஒரே திண்ணையில் உட்காரவைக்க ஒருவர் இல்லை.

1996இல் ஓ'டானல் 'கோப்ரா டிராப்' என்ற கடைசிச் சிறுகதைத் தொகுதியை வெளியிட்டார். அதன் இறுதிக் கதையில், ஐம்பது வயதைக் கடந்து, தீராத மூளைநோயைத் தன்னுள் மறைத்துக்கொண்டிருக்கும் மாடஸ்டி, பிறருடைய உயிரைக் காக்கும் ஒரு போரில் தானே முன்வந்து நின்று மடிகிறாள். வில்லியும் அங்கேயே மடிகிறான். வேறொருவர் பிற்காலத்தில் அவளை எடுத்து எழுதிவிடக்கூடாது என்ற எண்ணமும் ஆசிரியருக்கு இருந்தது. ஆனால் தினசரித் தொடர் அப்போதும் நடந்துகொண்டிருந்தது. அதில் அவள் என்றும் மாறாத இளமையோடு உலவிக்கொண்டிருந்தாள். 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் தேதி, தம் எண்பத்தொன்றாம் பிறந்தநாளில், அந்தத் தொடரையும் அவர் நிறுத்தினார். அங்கே மரணம் இல்லை. இனிச் சண்டை வேண்டாம் என்று இருவரும் ஓய்வை நாடிச் செல்வதாகவே முடிந்தது. ஒரே தாய் தன் மகளுக்கு எழுத்தில் ஒரு முடிவையும் சித்திரத்தில் ஒரு முடிவையும் கொடுத்தாள் போலும். இரண்டும் உண்மையென்றே ஓ'டானல் கருதினார் என்று எனக்குப் படுகிறது: வசனத்தில் காலம் ஓடுகிறது, ஆகவே அங்கே மூப்பும் சாவும் உண்டு, சித்திரக் கட்டத்துக்குள் காலம் நின்றுவிடுகிறது. 2010ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி அவர் காலமானார்.

நமக்கு வந்து பழகியவள் சித்திரத்து மாடஸ்டி. பள்ளத்தாக்கில் அன்று அவளைப் படித்த பிள்ளைகளில் பலருக்கு இன்று ஐம்பது வயதுக்கு மேலாகிறது. தேனி 1997இல் தனி ஜில்லாவாகிவிட்டது. வாடகை நூல் நிலையங்கள் மூடிவிட்டன. சிவகாசியிலிருந்து லயனும் முத்துவும் இன்னும் வருகின்றன. முன்போல் பெட்டிக்கடையில் தொங்குவதில்லை. சந்தா கட்டியவர்களுக்குத் தபாலிலும் கூரியரிலும் வருகின்றன. அவர்களில் ஒருவராவது ஓ'டானலின் நாவல்களைத் தமிழில் கொண்டுவர முனைவாரானால், இத்தனை வருஷம் கட்டங்களுக்குள் மௌனமாக நின்ற ஒருத்தியின் மனத்துக்குள் என்ன நடந்தது என்பதை முதன்முறையாக நம்மவர்கள் தமிழில் படிப்பார்கள். வடபாரசீகத்துச் சாலையில் நடந்த சிறுமியிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.